நான்கு பேர், ஒரே பெயர்: தந்தி நால்வர் குழுவின் புகழும் பிழைப்பும்

மேற்கத்திய செவ்வியல் இசையுலகிலிருந்து அண்மைக் காலத்தில் வந்த மூன்று செய்திகளைச் சேர்த்துப் படித்தவர்களுக்குக் குழப்பம் வந்திருக்கலாம். 2023 ஒக்டோபரில் அமெரிக்காவின் எமர்சன் குவார்ட்டெட் நியூயோர்க்கில் தன் கடைசிக் கச்சேரியை வாசித்துவிட்டுக் கலைந்தது. 2024 இல் க்ரோனொஸ் குவார்ட்டெட்டில் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாசித்த இருவர் ஒன்றாக ஓய்வு பெற்றார்கள். குழுவோ கலையவில்லை, புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு தொடர்கிறது. அதே ஆண்டில், இளமையில் கொழும்பில் வளர்ந்த செலோக் கலைஞர் ரொஹான் டி சேரம் காலமானார். தனி வித்துவானாகவே உலகம் சுற்றியிருக்கக்கூடிய அவர், தன் உச்சக் காலத்தின் கால் நூற்றாண்டை ஆர்டிட்டி குவார்ட்டெட் என்ற பெயருக்குள் கழித்தவர்.

ஒரு குழு ஏன் மூடப்படுகிறது, இன்னொன்று ஆள் மாறியும் ஏன் ஓடுகிறது, ஒரு பெரிய கலைஞர் ஏன் தன் பெயரை நாலில் ஒன்றாகக் கரைத்துக்கொள்கிறார்? கிராமி விருதுகளையும் பதக்கங்களையும் எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்காது. சுருதியிலிருந்து தொடங்க வேண்டும். அங்கிருந்து சம்பளத்துக்குப் போகும் வழி நாம் நினைப்பதைவிடக் குறுகியது.

குவார்ட்டெட் என்பது என்ன

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ. இந்த நான்கும் சேர்ந்ததுதான் ஸ்ட்ரிங் குவார்ட்டெட். தமிழில் தந்தி நால்வர் குழு எனலாம். வாசிக்கும் குழுவுக்கும் இதே பெயர், அவர்களுக்காக எழுதப்படும் உருப்படிக்கும் இதே பெயர். வியோலா வயலினைவிடச் சற்றுப் பெரியது, ஒரு பஞ்சமம், அதாவது 'ஸ'-விலிருந்து 'ப' வரையுள்ள தூரம், தாழ்ந்தது. செலோ வியோலாவுக்கும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது, உட்கார்ந்து முழங்கால்களுக்கிடையே வைத்து வாசிப்பது. நடத்துனர் கிடையாது. ஒரு பகுதியை இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பதும் கிடையாது. ஒருவர் பிசகினால் மறைத்துவிட ஆளில்லை.

இந்த வடிவத்துக்கு உருவம் கொடுத்தவர் ஒஸ்ட்ரிய இசையமைப்பாளர் ஹைடன். அவர் எழுதியவை 68. பேத்தோவன் 16 எழுதினார். மேற்கத்திய இசையமைப்பாளர் ஒருவரை எடைபோட வேண்டுமானால் அவருடைய குவார்ட்டெட்டுகளைப் பார் என்ற வழக்கம் அந்தக் காலத்திலிருந்தே வருகிறது.

நமது கச்சேரி மரபில் பழகிய காதுக்கு இங்கேதான் முதல் இடறல். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு கர்நாடகக் கச்சேரி நடந்தால், பாடகர் ஒருவர், பக்கத்தில் வயலினும் மிருதங்கமும். பக்கவாத்தியக்காரர் முதல்நாள்தான் பேசி அழைக்கப்பட்டிருக்கலாம். மேடையில் வைத்தே ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டு வாசிப்பது அங்கே திறமைக்குச் சான்று. விளம்பரத்தில் ஒவ்வொருவர் பெயரும் தனித்தனியே வரும். குவார்ட்டெட்டில் நிலைமை நேர் எதிர். ஒத்திகை இல்லாமல் நான்கு மேதைகளை உட்கார வைத்தால் கேட்கக்கூடியதாக ஏதோ வரும், குவார்ட்டெட் வராது. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

தம்பூரா இல்லாத சுருதி

வயலினின் கம்பிகள் ஜி, டி, ஏ, ஈ. வியோலாவிலும் செலோவிலும் சி, ஜி, டி, ஏ. அடுத்தடுத்த கம்பிகளுக்கு இடையே ஷட்ஜ பஞ்சம இடைவெளி. சி-யை 'ஸ' என்று வைத்துக்கொண்டால் ஜி 'ப', டி சதுசுருதி ரிஷபம், ஏ சதுசுருதி தைவதம், ஈ அந்தர காந்தாரம். இனிக் கணக்கு:

1. செலோவின் சி-யிலிருந்து 3:2 என்ற சுத்தமான பஞ்சமமாக ஏறிக்கொண்டே போனால், நான்காவது படியில் வயலினின் ஈ வரும்.

2. அந்த ஈ-யை உரிய ஸ்தாயிக்கு இறக்கி சி-யோடு ஒப்பிட்டால் விகிதம் 81:64.

3. காதுக்கு இனிக்கும் அந்தர காந்தாரத்தின் விகிதம் 5:4. அதாவது 80:64.

4. இடையில் 81:80 என்ற சிறு இடைவெளி எஞ்சுகிறது. நம் சாஸ்திரக்காரர்கள் பிரமாண சுருதி என்பது இதைத்தான். அரைச் சுரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

நான்கு பேரும் தத்தம் வாத்தியத்தை அப்பழுக்கில்லாமல் சுருதி கூட்டியிருந்தாலும், சி-யும் ஈ-யும் சேர்ந்து ஒலிக்கும்போது கசக்கும் என்பதே இதன் பொருள். பிழை யாருடையதும் அல்ல, எண்களுடையது. அதனால் குவார்ட்டெட்டுகள் பஞ்சமங்களை ஒரு மயிரிழை குறுக்கிச் சுருதி கூட்டுகின்றன. சி கம்பி சற்று உயர்ந்து நிற்கும். அதோடும் விஷயம் முடியாது. கர்நாடகக் கச்சேரியில் ஆதார ஷட்ஜம் கடைசிவரை அசையாது, தம்பூரா அதைப் பிடித்து வைத்திருக்கும். குவார்ட்டெட் உருப்படியிலோ ஒரே பக்கத்துக்குள் ஆதாரம் மூன்று நான்கு முறை நகரலாம். ஒவ்வொரு கூட்டு ஒலியிலும் காந்தாரம் யார் கையில் இருக்கிறதோ அவர் ஒரு துளி இறங்க வேண்டும். அடுத்த கணம் அதே சுரம் பஞ்சமமாக மாறினால் மறுபடி ஏற வேண்டும். இது எதுவும் தாளில் எழுதப்பட்டிருக்காது.

சுருதியைத் தவிர வில்லின் விவகாரம் வேறு: மேல்நோக்கியா கீழ்நோக்கியா, கம்பிகளைத் தாங்கும் குதிரைக்கு அருகிலா விலகியா, இடக்கை விரலின் அசைவு எவ்வளவு, முதல் சுரத்துக்கு முன் மூச்சை யார் இழுப்பது. நாலு பேருக்கும் ஒரே கை முளைக்கும்வரை பேச வேண்டும். ஒரு முழுக் காலை ஒத்திகை ஒரு பக்கத்தைத் தாண்டாமல் முடிவது இந்தத் தொழிலில் அதிசயமல்ல.

அந்தக் காலைக்கு யார் சம்பளம் கொடுப்பது? குவார்ட்டெட் வரலாற்றைப் புரிந்துகொள்ள இதைவிடப் பயனுள்ள கேள்வி இல்லை என்பது என் கருத்து.

பணம் வந்த வழி

வியன்னாவில் ஷுப்பான்சிக் என்ற வயலின் கலைஞர் 1804-05 அளவில் சந்தா முறையில் பொதுக் குவார்ட்டெட் கச்சேரிகளைத் தொடங்கினார். 1808 இல், ரஷ்யத் தூதராக இருந்த ரசுமோவ்ஸ்கி அவரைத் தலைவராக வைத்துத் தன் மாளிகையிலேயே சம்பளம் வாங்கும் ஒரு நால்வர் குழுவை அமைத்தார். முன்பு இதே தூதருக்காகத்தான் பேத்தோவன் மூன்று குவார்ட்டெட்டுகளை எழுதியிருந்தார். 1814 ஆம் ஆண்டின் கடைசி இரவில் மாளிகை தீப்பற்றி எரிந்தது. கொஞ்ச காலத்தில் சம்பளம் நின்றது, குழுவும் கலைந்தது. ஐரோப்பா முழுதும் பேசப்பட்ட குழுதான். பேச்சு சோறு போடவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அந்தத் தூதரின் இடத்தைப் பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் பிடித்தன. புடாபெஸ்ட் குவார்ட்டெட் 1940 முதல் 1962 வரை வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் வதிவிடக் குழு. நூலகத்துக்குக் கெர்ட்ரூட் விட்டால் என்ற செல்வச் சீமாட்டி நன்கொடையாகத் தந்த ஸ்ட்ராடிவாரி வாத்தியங்களை அவர்கள் அங்கே வாசித்தார்கள். பிறகு அந்த இடத்துக்கு ஜூலியார்ட் குவார்ட்டெட் வந்தது. டோக்கியோ குவார்ட்டெட் யேல் பல்கலைக்கழகத்தில், டாக்காஷ் குவார்ட்டெட் கொலராடோ பல்கலைக்கழகத்தில், எமர்சன் தன் பிற்காலத்தில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில்.

'வதிவிடக் குழு' என்பதன் பொருளை விளக்கிவிட வேண்டும். நால்வரும் நிறுவனத்தின் ஆசிரியர்களாக நியமிக்கப்படுகிறார்கள். மாணவர்களுக்குக் கற்பிப்பார்கள், ஆண்டுக்குச் சில கச்சேரிகளை அங்கேயே வாசிப்பார்கள். மீதி நேரம் ஒத்திகைக்கும் பயணத்துக்கும். மாதச் சம்பளம், மருத்துவக் காப்புறுதி, ஒத்திகைக்கு ஓர் அறை. கச்சேரிச் சன்மானம் இதற்கு மேல் வருவது. டாக்காஷ் குழு புடாபெஸ்டில் மாணவர்களாக இருந்த நால்வர் 1975 இல் தொடங்கியது. ஹங்கேரியிலிருந்து கிளம்பி மலையடிவார ஊரான போல்டரில் போய்க் குடியேறியதற்குக் காரணம் கொலராடோவின் பனிச்சறுக்கு அல்ல.

செலவுப் பக்கத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். செலோவைச் சரக்கு அறையில் போட யாருக்கும் மனம் வராது. அதற்கும் விமானத்தில் ஓர் இருக்கை வாங்க வேண்டும். நாலு பேர் பயணம் செய்ய ஐந்து டிக்கெட்.

புகழின் படிகள்

ஒரு குழு பேர்பெறும் பாதை பெரும்பாலும் இந்த வரிசையில் அமைகிறது:

1. போட்டி. லண்டன், போர்தோ, மியூனிக், கனடாவின் பான்ஃப் ஆகியவை முக்கியமானவை. பான்ஃப் 1983 இல் தொடங்கி மூன்றாண்டுக்கு ஒருமுறை நடப்பது. டாக்காஷ் 1977 இல் பிரான்சின் எவியன் போட்டியில் முதற்பரிசு பெற்ற பிறகுதான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. பரிசுப் பணத்தைவிட அதோடு வரும் கச்சேரி ஒப்பந்தங்களே பெறுமதியானவை.

2. வதிவிட நியமனம். மேலே சொன்னது.

3. முழுத் தொகுப்பு ஒலிப்பதிவு. பேத்தோவனின் 16, பார்டோக்கின் 6, ஷொஸ்டகோவிச்சின் 15. இப்படி முழுதாகப் பதிவுசெய்த குழுவைத்தான் விமர்சகர்கள் சரிசமமாக வைத்துப் பேசத் தொடங்குகிறார்கள். எமர்சனின் பார்டோக் தொகுப்பு அறை இசைக்கான, அதாவது சிறு குழுக்கள் வாசிக்கும் இசைக்கான, கிராமியோடு நின்றுவிடாமல், ஆண்டின் சிறந்த செவ்வியல் இசைத்தொகுப்புக்கான கிராமியையும் வாங்கியது. அக்குழு மொத்தம் 9 கிராமி பெற்றது. டாக்காஷுக்குப் பேத்தோவனின் நடுக்காலக் குவார்ட்டெட்டுகள் அதே மரியாதையைத் தேடித் தந்தன.

4. புதிய ஆக்கங்களை எழுதுவிப்பது. பழையதை நன்றாக வாசிப்பவர்கள் பலர். புதியதைப் பிறக்கச் செய்பவர்கள் சிலர். க்ரோனொஸ் 1973 இல் சியாட்டலில் தொடங்கியது முதல் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆக்கங்களையும் இசையமைப்புத் தழுவல்களையும் எழுதச் செய்திருக்கிறது. 2005 இல் ஆஷா போஸ்லேயைப் பாட வைத்து ஆர்.டி. பர்மனின் பாடல்களை இசைத்தட்டாக்கியதும் அவர்கள்தான். பல்கலைக்கழகத்தின் நிழலை நம்பியிராமல் தங்களுக்கென்றே இலாபநோக்கற்ற ஓர் அமைப்பை உருவாக்கி, அதன் வழியாக நன்கொடை திரட்டி வாழ்வது அவர்களுடைய தனி வழி.

5. வாழ்நாள் கௌரவங்கள். எமர்சனுக்கு 2004 இல் அமெரிக்காவின் ஏவரி ஃபிஷர் பரிசு. ஒரு குழுவுக்கு அது கிடைத்தது அப்போதுதான் முதல்முறை. ஆர்டிட்டிக்கு 1999 இல் ஜெர்மனியின் ஏர்ன்ஸ்ட் ஃபொன் சீமென்ஸ் பரிசு. க்ரோனொஸுக்கு 2011 இல் சுவீடனின் போலார் பரிசு.

செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் ஐந்தாவது படி. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே குழுவின் கதி இரண்டாவது படியில் தீர்மானமாகியிருக்கும்.

ஆள் போனால் பெயர் யாருக்கு

இதில் ஒரே விதி இல்லை. ஒவ்வொரு குழுவும் தன் சட்டத்தைத் தானே எழுதிக்கொள்கிறது.

அமேடியஸ் குவார்ட்டெட் ஒரு முனை. அதில் மூவர் ஹிட்லருக்குத் தப்பி ஒஸ்ட்ரியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த யூதர்கள். 'எதிரி நாட்டவர்' என்று அங்கே தடுத்துவைக்கப்பட்டிருந்த காலத்தில் அறிமுகமானவர்கள். 1948 இல் லண்டன் விக்மோர் மண்டபத்தில் அரங்கேறிய அந்த நால்வரும் சுமார் நாற்பதாண்டுகள் மாறவேயில்லை. 1987 இல் வியோலாக் கலைஞர் பீட்டர் ஷிட்லோஃப் இறந்ததும் மற்ற மூவரும் கடையைக் கட்டினார்கள். இன்னொருவரைத் தேடவில்லை.

மறுமுனை ஜூலியார்ட். 1946 இல் தொடங்கிய அக்குழுவில் நிறுவனர் ரொபர்ட் மான் 1997 வரை இருந்தார். இன்று நிறுவியவர்கள் எவருமில்லை, பெயர் இருக்கிறது, ஜூலியார்ட் கல்லூரியில் அந்த நான்கு பதவிகளும் இருக்கின்றன. டாக்காஷில் நடந்தது இன்னும் வேடிக்கை: குழுவுக்குத் தன் பெயரைக் கொடுத்த முதல் வயலின் கலைஞரே 1990களின் தொடக்கத்தில் விலகிவிட்டார், பெயர் மட்டும் தங்கிவிட்டது. 2020 இல் புதிய வியோலாக் கலைஞர் வந்தபோது ஆரம்ப நால்வரில் செலோக் கலைஞர் ஆந்திராஷ் ஃபேயேர் ஒருவரே எஞ்சியிருந்தார். மொஸ்கோவின் பொரோடின் குவார்ட்டெட்டிலும் அறுபதாண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றவர் செலோக் கலைஞர்தான்.

பதவிக்குச் சம்பளம் இருக்கும் இடத்தில் பெயர் ஆளைத் தாண்டி வாழ்கிறது. பெயர் நட்பில் மட்டும் நிற்கும் இடத்தில் ஆளோடு போகிறது. நூற்றுக்கு நூறு பொருந்தும் விதியல்ல. எமர்சனுக்குப் பல்கலைக்கழக நியமனம் இருந்தும், உச்சத்தில் இருக்கும்போதே நிறுத்துவோம் என்று நால்வரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். ஆனால் பெரும்பாலான குழுக்களின் கதை இதற்குள் அடங்கிவிடும்.

எழுதப்படாத சட்டம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஓர் அமெரிக்க வழக்கு உண்டு. ஓடுபொன் குவார்ட்டெட் 2000 இல் தன் முதல் வயலின் கலைஞரை நீக்கியது. குழு சட்டப்படி நால்வருக்கும் பங்குள்ள நிறுவனமாக இருந்தது. அவர் நீதிமன்றம் போனார். அவருடைய பங்குக்காக மற்ற மூவரும் ஆறு இலட்சம் டொலருக்கும் மேல் கொடுக்க வேண்டும் என்று பென்சில்வேனியா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாத்தியங்களை விற்கும் நிலைவரை போனது. கலைக்குழுவுக்குப் பங்குப் பத்திரம் எதற்கு என்று அலட்சியமாக இருப்பவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை வாசிப்பது நல்லது.

கொழும்பு தந்த செலோ

ரொஹான் டி சேரம் 1939 இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்து, சிறுவயதில் இங்கே வளர்ந்தவர். பதினொரு வயதளவில் ஸ்பானிய செலோ மேதை காஸ்பர் கசாடோவிடம் படிக்க இத்தாலிக்குப் போனார். 1960 இல் நியூயோர்க் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவோடு கார்னகி மண்டபத்தில் அறிமுகமானார். தனி வித்துவானுக்கு இதற்கு மேல் வாசல் திறக்காது.

அவரோ 1970களின் இறுதியில் ஆர்டிட்டியில் சேர்ந்து 2005 வரை அங்கே இருந்தார். இர்வின் ஆர்டிட்டி 1974 இல் லண்டனில் தொடங்கிய அந்தக் குழு, பேத்தோவனை வாசிப்பதற்காகப் பிறந்ததல்ல. உயிரோடிருக்கும் இசையமைப்பாளர்களோடு உட்கார்ந்து, இதுவரை யாரும் வாசித்திராததை வாசிப்பதற்கென்றே இயங்குவது. லிகெட்டி, க்செனாகிஸ், எலியட் கார்ட்டர் ஆகியோரின் ஆக்கங்கள் இன்று எப்படிக் கேட்கப்படுகின்றனவோ அதில் ஆர்டிட்டியின் விரல்ரேகை இருக்கிறது. 1995 ஜூனில் அம்ஸ்டர்டாமில் ஜெர்மன் இசையமைப்பாளர் ஷ்டொக்ஹவுசனின் ஹெலிகொப்டர் குவார்ட்டெட்டை அரங்கேற்றியவர்களும் இவர்களே: நால்வர், நான்கு ஹெலிகொப்டர்கள், ஒவ்வொன்றிலும் ஒருவர், விசிறியின் இரைச்சலோடு தந்தி ஒலியும் சேர்ந்து தரையிலுள்ள பார்வையாளருக்குக் கேட்கும்படி ஏற்பாடு. இசையா கூத்தா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

இலங்கை வாசகர் அருகே போய்ப் பார்க்க வேண்டியது வேறொன்று. ரொஹான் கண்டிய மேளமும் பயின்றவர். இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சானோ பெரியோ அவருக்காக எழுதிய தனிச் செலோ ஆக்கம் 2002 இல் அரங்கேறியது. அதில் செலோக்காரர் வில்லைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு கையால் மரஉடலைத் தட்டி, மறுகை விரல்களால் கம்பிப் பலகையில் அடித்து, இரண்டு முகமுள்ள மேளம்போல் கண்டிய தாளக்கட்டை எழுப்ப வேண்டும். இன்று அந்த ஆக்கத்தை எடுக்கும் எந்த நாட்டுச் செலோ மாணவரும் தெரிந்தோ தெரியாமலோ கண்டியின் தாளத்தைப் பழகிக்கொண்டிருக்கிறார். குவார்ட்டெட்டுக்குள் பெயரைக் கரைத்தவர் காணாமல் போய்விடவில்லை. அந்தக் குழுவில் இருந்ததால்தான் அவர் காலத்து இசையமைப்பாளர்கள் அனைவரும் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள்.

கொழும்பில் இது ஏன் பிழைப்பாகவில்லை

ஆளில்லை என்று சொல்ல முடியாது. இலங்கை சிம்பொனி வாத்தியக் குழு 1958 இல் தொடங்கியது. கொழும்பு அறை இசைச் சங்கமும் இருக்கிறது. லண்டன் தேர்வுச் சபைகளின் வயலின் பரீட்சைக்குக் கொழும்பில் பிள்ளைகள் ஆண்டுதோறும் அமர்கிறார்கள். தமிழர் பக்கம் வயலின் அந்நியமே அல்ல: எல். சுப்பிரமணியம் சிறுவனாக வயலின் கற்றது, தந்தை லட்சுமிநாராயணா ஆசிரியராக இருந்த யாழ்ப்பாணத்தில். சென்னையில் வி.எஸ். நரசிம்மன் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை அமைத்துக் கீர்த்தனைகளை நால்வருக்கு எழுதிக் காட்டினார். முதல் வயலின் கமகத்தோடு பாட, மற்ற மூவரும் கீழே நகரும் கூட்டு ஒலிகளை எழுப்புகிறார்கள். இராகம் கலையாமல் இது நடக்க வேண்டும் என்பதால் சுருதிப் பேரம் இன்னும் நுணுக்கமாகிறது.

இல்லாதது கணக்கில்தான். உண்மையான கட்டணங்களை விட்டுவிட்டு ஓர் உத்தேசக் கணக்குப் போடுவோம்:

1. 600 பேர் அமரும் மண்டபம், டிக்கெட் சராசரி 3,000 ரூபாய், முழுதும் விற்றுவிட்டது. வரவு 18 இலட்சம்.

2. மண்டப வாடகை, விளம்பரம், அச்சு, வரி என்று பாதி போனால் மிஞ்சுவது 9 இலட்சம்.

3. நால்வருக்கும் மாதம் தலா 2 இலட்சம் என்றால் ஆண்டுக்கு 96 இலட்சம் வேண்டும்.

4. ஆகவே ஆண்டுக்கு 11 கச்சேரிகள், பதினொன்றும் மண்டபம் நிறைந்து.

பதினொரு கச்சேரி உலகத் தரத்தில் அதிகமல்ல. பெயர்பெற்ற குழுக்கள் இதைவிடப் பல மடங்கு வாசிக்கின்றன. ஆனால் அவை ஊர் ஊராக, நாடு நாடாக வாசிக்கின்றன. இங்கே அதே 600 பேர் பதினொரு முறையும் கில்ட்ஃபோர்ட் கிரசன்ட்டுக்கு வந்து லயனல் வென்ட் அரங்கை நிரப்ப வேண்டும், ஒவ்வொரு முறையும் புதிய உருப்படிகளோடு. அதனால்தான் கொழும்பில் குவார்ட்டெட் வாசிப்பவர்கள் பகலில் ஆசிரியர்களாகவோ வேறு தொழிலிலோ இருக்கிறார்கள். ஒத்திகைக்கு எஞ்சுவது மாலையின் மிச்சம். காந்தாரத்தை யார் இறக்குவது என்று வாதிட அது போதாது. வெளிநாட்டுக் குழுக்கள் வரும்போதும் பயணச் செலவை ஏற்பது பெரும்பாலும் ஏதாவது தூதரகமோ பண்பாட்டு நிலையமோதான். டிக்கெட் வரும்படி அல்ல.

சந்தையால் தீராததை வியன்னாவில் தூதர் தீர்த்தார், கொலராடோவில் பல்கலைக்கழகம் தீர்த்தது. இங்கே கேட்கத்தக்க கதவுகள் எங்கே இருக்கின்றன என்பது தெரிந்ததே: கொழும்பில் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம், வடக்கில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் பெயர் தாங்கிய பீடம், கிழக்கில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம். அங்கே இசை விரிவுரையாளர் பதவிகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு பதவியும் தனி ஆளுக்குரியது, தனித்தனியே விளம்பரப்படுத்தப்படுவது. வதிவிடக் குழு என்றால் நான்கு பதவிகளை ஒரே கட்டாகக் கட்டி, அரைநேரம் கற்பித்தல், அரைநேரம் ஒத்திகை என்று நியமனக் கடிதத்திலேயே எழுத வேண்டும். தொடங்குவதற்கு இசைத் தாள்கள்கூட வாங்க வேண்டியதில்லை: க்ரோனொஸ் இளம் குழுக்களுக்கென்று எழுதுவித்த ஐம்பது ஆக்கங்களை, சாகிர் ஹுசைனுடையது உட்பட, இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அப்படி ஒரு விளம்பரம் வெளியானால், இரண்டு வயலின் இடங்களுக்கு விண்ணப்பங்கள் குவியும், செலோவுக்குச் சில வரும். முதலில் காலியாகக் கிடப்பது வியோலாவின் நாற்காலியாகத்தான் இருக்கும். அதை நிரப்ப, பரீட்சைக்குப் போகும் வயலின் பிள்ளைகளில் சிலரை இப்போதே அந்தப் பெரிய வாத்தியத்துக்கு மாற்றியாக வேண்டும்.